ஒரு இன்ஜின், நாலு ஆசை, இருபது தவ்

ரெண்டு மாசமா ஆளையே காணோமேன்னு ஒருத்தரும் தேடியிருக்க மாட்டீங்க, தெரியும். இருந்தாலும் காரணம் சொல்றது மரியாதை. லேப்ல ஆணி ஜாஸ்திங்கறது எப்பவும் சொல்ற பொய். இந்தத் தடவை நிஜம் என்னன்னா, நம்ம சிவப்பு வண்டி படுத்துடுச்சு. அதை எழுப்பி நிறுத்தத்தான் இத்தனை நாள் ஆச்சு.

இந்தப் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு வண்டியைப் பத்தி ரெண்டு வரி. 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. ரெண்டே சீட்டு, மடக்கி வைக்கிற துணிக்கூரை, ராத்திரியானா தவளை மாதிரி மேலே எழும்புற ஹெட்லைட். 1597 சிசி இன்ஜின், 116 குதிரை சக்தி. மொத்த எடை ஒரு டன்னுக்கும் கீழே. 1979-ல பாப் ஹால்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர், பழைய பிரிட்டிஷ் ரெண்டு சீட்டு வண்டிகள் மாதிரி ஒண்ணை நீங்க செய்யலாமேன்னு மாஸ்டாவோட யமமோட்டோகிட்ட சொன்னாராம். பத்து வருஷம் கழிச்சு 1989 பிப்ரவரியில, சிகாகோ கண்காட்சியில வண்டி மேடை ஏறுச்சு. குதிரையும் ஆளும் ஒரே உடம்பு மாதிரி இருக்கணும்னு சொல்லிச் சொல்லியே செஞ்சாங்க. 2016 ஏப்ரல்ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்தது. எங்கிட்ட இருக்கறது அந்தப் பத்து லட்சத்துல ஒரு கிழம். ஒரு ரிட்டையர்டு வாத்தியார்கிட்ட வாங்கினேன். 1,68,000 மைல் ஓடினது.

இனி பாவமன்னிப்புப் பகுதி.

ரேடியேட்டரோட மேல்பக்க பிளாஸ்டிக் தொட்டி புதுசுல கறுப்பா இருக்கும். சூடு பட்டுப் பட்டுப் பழுப்பாச்சுன்னா, மாத்துற நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம். என்னோடது நல்ல பில்டர் காபி கலர்ல இருந்தது. பாத்தேன். "செமஸ்டர் முடியட்டும்"னு விட்டேன். ஜூலை மாசம், ஐ-40 ஹைவே, மத்தியானம் ரெண்டு மணி, நாக்ஸ்வில் போக இன்னும் பதினஞ்சு மைல். தொட்டி பிளந்தது. பானட் இடுக்குல வெள்ளைப் புகை, சூடு காட்டுற முள்ளு மேலே ஏறுது. ஓரம் கட்டியிருக்கணும். "அடுத்த எக்ஸிட் ரெண்டு மைல்தானே"ன்னு ஓட்டினேன்.

அந்த ரெண்டு மைலுக்குத்தான் இந்தக் கதை.

இதுல கேவலம் என்னன்னா, நான் பிஎச்டி பண்றதே உராய்வுலயும் உயவுலயும்தான். உலோகம் உலோகத்தோட உரசினா என்ன ஆகும்னு நாலு வருஷமா மைக்ரோஸ்கோப்புல பாக்கறவன், சொந்த இன்ஜினை உரசியே கெடுத்தேன். ரூம்மேட் மதுரைக்காரன், கேட்டதும் சொன்னான்: "மாப்ள, இதையே தீசிஸ்ல ஒரு சாப்டரா போட்டுரு." :-)

அடுத்த நாள் கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையில கேஜை மாட்டி, இன்ஜினைச் சுத்த விட்டா ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அமுக்குதுன்னு காட்டும். ஒண்ணாவது 178, ரெண்டாவது 90, மூணாவது 85, நாலாவது 175. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குறைஞ்சா, நடுவுல ஹெட் கேஸ்கட் போயிருக்கும்னு முதல் சந்தேகம். அப்புறம் கம்மியா இருந்த ரெண்டுலயும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாத்தேன். ரெண்டாவது அசையலை. மூணாவது 110க்கு ஏறுச்சு. ஆயில் போய் அடைச்சுப் பிரஷர் ஏறுதுன்னா, ரிங்கு வழியாவும் ஓட்டம் இருக்குன்னு பொருள். ஆக, கேஸ்கட் மட்டும் இல்ல, மூணாவது போரும் அடிபட்டிருக்கு. இன்ஜினை இறக்கியே ஆகணும்.

இன்ஜினை இறக்கறதுன்னு முடிவான நிமிஷமே மனசு ஒரு வேலை பண்ணும் பாருங்க. எப்படியும் பிரிக்கப் போறோம், அப்படியே கொஞ்சம் பவரையும் ஏத்திட்டா என்னன்னு. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கறப்போ மாடி ஒண்ணு எடுத்துடலாமான்னு தோணுமே, அதே வியாதி. மூணு ராத்திரி தூங்காம நாலு ஆசை எழுதி வெச்சேன்.

ஆசை 1: டர்போ. 116 குதிரையை 200 பக்கம் கொண்டு போறது. கேக்கவே இனிக்குது. ஆனா பழைய பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அந்த அழுத்தத்தை ரொம்ப நாள் தாங்காது, ஃபோர்ஜ்டு போடணும். காத்தை அளக்கற பழைய மடல் வெச்ச மீட்டர் பத்தாது, தனி கம்ப்யூட்டர் வேணும். கிளட்ச் வழுக்கும். 1990-93 வண்டிகள்ல இருக்கற பின்பக்க டிஃபரன்ஷியல் சின்னது, அது அதிக முறுக்கைத் தாங்காதுன்னு பேர் எடுத்தது, அதையும் மாத்தணும். கூட்டிப் பாத்தா 7,800 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

ஆசை 2: 1994-ல இருந்து வந்த 1.8 லிட்டர் இன்ஜினைத் தூக்கி வெக்கறது. 1839 சிசி, 128 குதிரை. அதே குடும்பத்து இன்ஜின், அதே இடத்துல உக்காரும். காகிதத்துல இதுதான் புத்திசாலித்தனம், நிறையப் பேர் இதைத்தான் செய்யறாங்க. ஒரே ஒரு சிக்கல். காயலான் கடையில கிடைக்கற இன்ஜின் யார் கையில எப்படி ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? என்னை மாதிரி ஒருத்தன், "அடுத்த எக்ஸிட்தானே"ன்னு ஓட்டினதா இருந்தா? அதையும் பிரிச்சுத்தான் வேலை செய்யணும். அப்போ ரெண்டு செலவு.

ஆசை 3: இதே இன்ஜின்ல ஹை கம்ப்ரஷன் பிஸ்டன். ஒரிஜினல் 9.4க்கு 1. அதை 11 பக்கம் ஏத்தினா கொஞ்சம் குதிரை கூடக் கிடைக்கும்னு வெச்சுக்கலாம். ஆனா அப்புறம் வாழ்நாள் முழுக்க பிரீமியம் பெட்ரோல்தான். இப்போ சாதா 87 ஆக்டேன் குடிச்சுட்டு சமர்த்தா இருக்கற பிள்ளைக்குக் குடிப்பழக்கம் கத்துக் குடுக்கற மாதிரி.

ஆசை 4: எப்படி இருந்ததோ அப்படியே செஞ்சு நிறுத்தறது. இதை ஆசைன்னு சொல்றதா, தோல்வின்னு சொல்றதான்னே அப்போ தெரியலை.

கையில இருந்தது 4,000 டாலர். அதுல 1,500 டிசம்பர்ல ஊருக்குப் போற டிக்கெட்டுக்கு. மூணு வருஷமா போகலை. முதல் வருஷம் பணம் இல்ல, ரெண்டாவது வருஷம் குவாலிஃபையர், மூணாவது வருஷம் என்ன காரணம் சொன்னேன்னு எனக்கே மறந்து போச்சு. டர்போன்னு முடிவு பண்ணினா இந்த வருஷமும் கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது. இது தெரிஞ்சேதான் மூணு நாள் டர்போ கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுட்டு இருந்தேன். எழுதறப்போ வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நடந்தது அதான்.

சரி, அப்பாகிட்ட பேசுவோம்னு போன் போட்டேன். எங்கப்பாவுக்கு நாமக்கல்ல ரீபோர் பட்டறை. பரமத்தி ரோட்டுல முப்பத்தஞ்சு வருஷமா லாரி இன்ஜினுக்கு லைனர் மாத்தறதும், சின்ன வண்டிகளுக்குப் போர் அடிக்கறதும்தான் வேலை. அந்தப் பட்டறைச் சத்தத்துலதான் நான் ஹோம்வொர்க் எழுதினதே. ஆனா இந்த வண்டி வாங்கினதை அவருகிட்ட ரொம்ப நாள் சொல்லலை. படிக்கப் போனவன் எதுக்குடா ரெண்டு சீட்டு வண்டின்னு கேப்பாருன்னு.

நாலு ஆசையையும் கடகடன்னு ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"அளந்து பாத்தியா சாமி?"

"இல்லீங்கப்பா, இன்னும் பிரிக்கவே இல்லீங்க."

"அளக்காமயே நாலு திட்டம் போட்டு வெச்சிருக்கற. முதல்ல பிரிச்சு அள. போரு எத்தனை தின்னிருக்குதுன்னு அது சொல்லும். அப்பறம் நீ சொல்லு."

பின்னாடி அம்மா குரல்: "அந்த ஓட்டை வண்டிய வித்துப்போட்டு ஊருக்கு வந்து சேரச் சொல்லுங்க!"

வாடகைக்கு ஒரு ஹாய்ஸ்ட் எடுத்து, சனி ஞாயிறுல நானும் மதுரையும் இன்ஜினை இறக்கினோம். பிஸ்டனைக் கிச்சன் சிங்க்ல கழுவினதுக்கு வீட்ல நடந்த சண்டை தனிப் பதிவுக்கு ஆகும், அதனால விட்டுடறேன். பிளாக்கையும் ஹெட்டையும் ஊருக்கு வெளிய ஒரு மெஷின் ஷாப்புக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க எழுபது வயசுக்கு மேல ஒரு பெரியவர். நான் போனதும் டர்போவைப் பத்தி ஆரம்பிச்சேன். அவர் காதுல வாங்கினதாவே தெரியலை. போர் கேஜை எடுத்து முதல் சிலிண்டருக்குள்ள இறக்கினாரு. மேலே, நடுவுல, கீழே, அப்புறம் குறுக்கே திருப்பி அதே மூணு இடம். கையடக்க நோட்டுல பென்சில்ல எழுதினாரு.

அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அப்படியே எங்கப்பா. அதே மாதிரி மூச்சை அடக்கிட்டு, கேஜை லேசா ஆட்டி ஆட்டி முள்ளு திரும்பற இடத்தைப் பாக்கறது. அவருகிட்ட அனுமதி கேட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். நாமக்கல்ல அப்போ ராத்திரி எட்டரை, பட்டறை மூடற நேரம்.

ஒருத்தருக்குத் தமிழ் தவிர வேற தெரியாது. இன்னொருத்தரு பேசற டென்னசி இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரியும். ஆனா டயலை கேமராவுக்கு நேரா காட்டினதும் அப்பா முகம் மாறிப் போச்சு. முன்னாடி நகர்ந்து கண்ணாடியைப் போட்டுட்டாரு. ஒண்ணு, ரெண்டு, நாலு மூணும் நல்லா இருக்கு, தேய்மானம் ரெண்டு தவ்வுக்குள்ள. (தவ்வுன்னா ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. பட்டறையில வளர்ந்தவங்களுக்குத் தெரியும்.) மூணாவதுலதான் ரணம். கூலண்ட் இல்லாம சூடேறினப்போ பிஸ்டன் பெருத்துச் சுவத்தைக் கீறியிருக்கு. அலுமினியம் இரும்பை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியம், பிளாக் இரும்பு. வேற என்ன நடக்கும்?

பெரியவர் கீறல்ல நகத்தை வெச்சு இழுத்தாரு. நகம் மாட்டுச்சு. அப்பா திரையில இருந்தே தலையை ஆட்டினாரு. பத்து ஓவர் அடிச்சாக் கீறல் போகாதுன்னு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தோணியிருக்கணும். பெரியவர் இங்கிலீஷ்ல சொன்ன அதே நொடியில அப்பாவும் சொன்னாரு:

"ட்வென்ட்டி ஓவர்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. நான் மொழிபெயர்க்க அங்க ஒண்ணுமே இல்ல.

இருபது தவ் ஓவர்சைஸ்னா அரை மில்லிமீட்டர். 78 மிமீ போர் 78.5 ஆகும். கணக்குப் போட்டா 1597 சிசி வண்டி 1618 ஆகும். வெறும் இருபது சிசி! நூத்துல ஒண்ணு சொச்சம். இதோட, சூட்டுல வளைஞ்ச ஹெட்டை நேராக்க ஆறு தவ் சீவணும்னு ஆச்சு. சீவினா எரியற இடம் கொஞ்சம் சுருங்கும். ரெண்டையும் சேத்துப் பாத்தா கம்ப்ரஷன் 9.4-ல இருந்து 9.6 பக்கம் வருது. சாதா பெட்ரோலுக்கே ஒண்ணும் ஆகாது. நான் கேக்காமலே கிடைச்ச அப்கிரேடு அவ்வளவுதான். மீதி மூணு போரும் நல்லா இருந்தும், எல்லாம் ஒரே அளவா இருக்கணுமேன்னு நாலையுமே அடிச்சாச்சு.

கிளம்பறப்போ பெரியவர் கேட்டாரு, இந்த வண்டியை எங்கதான் ஓட்டுவேன்னு. டிராகன் ரோடுன்னேன். டென்னசிக்கும் நார்த் கரோலினாவுக்கும் நடுவுல யூஎஸ் 129-ல இருக்கற மலைப்பாதை அது. 11 மைல்ல 318 வளைவு. அங்க எவ்வளவு வேகம் போகலாம்னு அடுத்த கேள்வி. 30 மைல்னு போர்டு இருக்குன்னேன். ஒண்ணும் பேசாம பென்சிலைக் காதுல செருகிட்டு உள்ளே போயிட்டாரு.

அன்னிக்குத்தான் டர்போ கணக்குத் தாளைக் கிழிச்சேன்.

ராத்திரி அப்பாகிட்ட மறுபடி பேசினேன். "ஏங்கப்பா, இவ்வளவு செலவு பண்ணியும் பவரு ஒண்ணும் கூடலையேங்க?"ன்னேன்.

"லாரிக்கு லைனர் இருக்குது சாமி, தேஞ்சா உருவிப்போட்டு வேற போட்டுக்கலாம். உன்ற வண்டிக்கு அந்தச் சவுரியம் கெடையாது. பிளாக்குலயே வெட்டறோம். வெட்டுன இரும்பு திரும்ப வராது. இன்னைக்கு எத்தனை கம்மியா வெட்டறயோ அத்தனைக்கு இன்னொருக்கா வேலை செய்ய எடம் இருக்கும். அடுத்து ஓட்டறவனுக்கும் கொஞ்சம் மிச்சம் வெய்யி."

அடுத்து ஓட்டறவன்ங்கற ஒருத்தனை நான் யோசிச்சதே இல்ல.

கணக்கு கேக்கறவங்களுக்கு: மெஷின் ஷாப் வேலை (போர், ஹோனிங், ஹெட், வால்வு, கிராங்க் பாலிஷ், பேலன்சிங்) 1,050 டாலர். பிஸ்டனும் ரிங்கும் 380. பேரிங், கேஸ்கட், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் 520. ரேடியேட்டரும் ஹோஸ்களும் 210. கிளட்ச் 180. ஆசைக்குன்னு ஒரே ஒண்ணு, கனம் குறைஞ்ச பழைய ஃப்ளைவீல் 150. அது ஒரு குதிரை கூடக் கூட்டாது. ஆனா ஆக்சிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் சட்டுனு எழும்பும். மொத்தம் 2,490. பட்ஜெட்டுல மிச்சம் பத்து டாலர். இங்க அதுக்கு ஒரு பிரியாணி கூட வராது.

ஒரு மாசம் சனி ஞாயிறு எல்லாம் கராஜ்லதான். பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் நூல் வெச்சு அளந்தேன். ரிங்குகளை ஒவ்வொரு போருக்கும் தனித்தனியா அரம் வெச்சுத் தேச்சுப் பொருத்தினேன். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பிளக் இல்லாமலே சுத்த விட்டு, ஆயில் பிரஷர் முள்ளு எழும்பறதைப் பாத்துட்டுத்தான் பிளக்கையே மாட்டினேன். ரெண்டாவது சுத்துலயே பிடிச்சுது. மதுரை அடிச்ச விசில்ல பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சுது.

புது இன்ஜினைப் பூப்போல ஓட்டணும்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. பாதிதான் சரி. ரிங்கை வெளிப்பக்கமா அழுத்திச் சுவத்தோட படிய வெக்கறதே எரியற வாயுவோட அழுத்தம்தான். ரொம்பத் தாலாட்டினா ரிங் படியாது, சுவர் வழுவழுன்னு கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்புறம் காலம் பூரா ஆயில் குடிக்கும். அதனால ஒரே வேகத்துல ஓட்டாம, ஏத்தத்துல கொஞ்சம் மிதிச்சு, இறக்கத்துல விட்டு, மாத்தி மாத்தி ஐநூறு மைல். 50 மைல்லயே ஒரு தடவை ஆயில் மாத்தினேன். வடிச்ச ஆயில்ல ஜிகினா மாதிரி பொடி மின்னுச்சு. 500 மைல்ல மாத்தினப்போ அது ஏறக்குறைய இல்ல. ரிசர்ச்சுல கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லைங்க.

போன ஞாயிறு டிராகன் ரோட்டுக்குப் போனேன். கூரையை மடக்கிட்டு, ரெண்டாவது கியர், மூணாவது கியர், மறுபடி ரெண்டாவது. அதே பழைய 116 குதிரைதான், ரெண்டு மூணு கூடியிருக்கலாம். ஆனா இப்போ அது எல்லாமே என் கைக்குத் தெரியும். ஒவ்வொரு போல்ட்டையும் எத்தனை முறுக்கினேன்னு தெரியும். நூறாவது வளைவுக்கு மேல எண்றதை விட்டுட்டேன். கொல்லிமலைக்கு அப்பாவோட பழைய பைக் பின்னாடி உக்காந்து போனது ஞாபகம் வந்துச்சு. 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் கியரைக் குறைச்சுட்டு, இன்ஜின் சத்தத்தைக் கேளுடா, அது சொல்லும்னு சொல்லிட்டே போவாரு.

டிசம்பர் 14 டிக்கெட் போட்டாச்சு. ஊர்ல இருந்து என்ன வேணும்னு நான் ஒரு லிஸ்ட் குடுத்துட்டு, இங்கிருந்து என்னங்கப்பா வாங்கிட்டு வரட்டும்னு கேட்டேன். வாட்சு, செல்போன்னு ஏதாவது சொல்வாருன்னு பாத்தா:

"ஒண்ணும் வேண்டாஞ்சாமி. அந்த மூணாம் நம்பர் பிஸ்டன் இருக்குதல்லோ, அதைக் கொண்டாந்துரு. பசங்களுக்குக் காட்டோணும்."

துணிக்கு நடுவுல சுத்தி வெச்சிருக்கேன். ஏர்ப்போர்ட் செக்யூரிட்டியில என்ன சொல்லிச் சமாளிக்கறதுன்னு யாருக்காவது யோசனை இருந்தா சொல்லுங்க.

டிஸ்கி: உங்க வண்டி ரேடியேட்டரோட மேல்தொட்டியை இன்னிக்கே ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. (இன்ஜின் ஆறினப்புறம்!) காபி கலர்ல இருந்தா, செமஸ்டர் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. :-)